ஹௌலண்ட் வீட்டு வரலாறு எழுதப் போகிறவருக்கு

முன்னோரைப் பற்றி எழுத உட்காருகிறவரைப் பிடிக்கும் முதல் ஆசை, தாத்தா பெரிய இடத்தில் பெண் எடுத்தவராக இருக்க வேண்டும் என்பது. அமெரிக்காவில் முதன்முதலாகக் குடியேறிய ஆங்கிலேயரின் வம்சாவளியை எழுதியவர்களும் இதற்கு விலக்கல்ல. அவர்களில் ஜான் ஹௌலண்ட் வீட்டுக் கதை இந்த ஆசையால் வெகுகாலம் கோணிக் கிடந்தது. அதை நிமிர்த்தியவை பழைய காகிதங்கள்.

1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள் 102 பேர். ஹௌலண்ட் அதில் ஜான் கார்வர் என்ற செல்வந்தரின் வேலையாள். நடுக்கடலில் புயல் அடித்த நேரம் மேல்தளத்துக்கு வந்தவர் அலையோடு கடலில் விழுந்தார். மேல்பாயை ஏற்றி இறக்கும் கயிறு ஒன்று நீரில் தொங்கிக்கொண்டிருந்ததால் அதைப் பிடித்துப் பிழைத்தார். அதே கப்பலில் பெற்றோரோடு வந்தவள் 13 வயது எலிசபெத் டிலி. கரையிறங்கிய முதல் குளிர்காலத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் மாண்டார்கள். எலிசபெத்தின் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி நால்வரும் போனார்கள். சில ஆண்டுகளில் ஹௌலண்டுக்கும் எலிசபெத்துக்கும் கல்யாணம். பத்துப் பிள்ளைகள், பத்தும் வளர்ந்து ஆளாயின. பேரப்பிள்ளைகள் எண்பதுக்கும் மேல். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் இரண்டு புஷ் ஜனாதிபதிகளும் இந்த வழியில் வந்தவர்கள். வாரிசு கூடியதால் எழுதுகிறவர்களும் கூடினார்கள். கதைகளும் கூடின.

கீழே இருப்பவை இந்த ஒரு வீட்டை வைத்துச் சொல்பவை. 17ஆம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்தின் எந்த வீட்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

செய்ய வேண்டியவை

வீட்டில் இருந்த எல்லாரையும் எண்ணுங்கள். ரத்த உறவை மட்டும் எண்ணினால் அந்தக் காலத்து வீடு புரியாது. கார்வர் வீட்டில் கப்பலேறியவர்கள் யார் என்று, அவர்கள் குடியேறிய பிளிமத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் எழுதி வைத்திருக்கிறார். கார்வரும் மனைவியும், டிசையர் மின்டர் என்ற இளம்பெண், ஹௌலண்ட், ரோஜர் வைல்டர் என்று இரண்டு வேலையாட்கள், வில்லியம் லேதம் என்ற பையன், ஜாஸ்பர் மோர் என்ற குழந்தை, ஒரு வேலைக்காரப் பெண். கார்வர் தம்பதிக்குப் பிறந்த பிள்ளை இவர்களில் ஒருவரும் இல்லை. ஜாஸ்பரின் கதை தனிக் கொடுமை. மனைவியின் பிள்ளைகள் தனக்குப் பிறந்தவையல்ல என்று சொல்லி, நான்கு குழந்தைகளைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார் சாமுவேல் மோர். முதல் குளிரைத் தாண்டிப் பிழைத்தவன் ஒரே ஒருவன், ரிச்சர்ட். வேலைக்காரப் பெண்ணின் பெயரை பிராட்ஃபோர்ட் எழுதவேயில்லை. கல்யாணமாகி ஓரிரு ஆண்டில் இறந்தாள் என்று மட்டும் குறிக்கிறார். உங்கள் வரைபடத்தில் அவளுக்கும் ஒரு கட்டம் போடுங்கள், பெயர் இல்லாமலே.

கார்வர் 1621 ஏப்ரலில் இறந்தார், சில வாரங்களில் மனைவியும் போனார். தலைவனும் தலைவியும் இல்லாத அந்த வீட்டில் மிஞ்சியவர்கள்தான் ஹௌலண்டின் முதல் குடும்பம். அவருடைய மூத்த மகளுக்கு டிசையர் என்று பேர் வைத்தது அந்த டிசையர் மின்டரை நினைத்துத்தான் என்று பலரும் கருதுகிறார்கள். பொருத்தமான ஊகம். ஊகம் என்றே எழுதுங்கள்.

அந்தந்த நேரத்தில் வேறு காரியத்துக்காக எழுதிய கணக்குகளைத் தேடிப் பிடியுங்கள். பெருமைக்காக எழுதாத ஏட்டில் பொய் குறைவு. 1627 மே 22ஆம் தேதி பிளிமத்தில் மாடுகளைப் பங்கு பிரித்தார்கள். ஊர் முழுவதையும் 13 பேர் வீதம் 12 கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கு இத்தனை மாடு, ஆடு என்று சீட்டுப் போட்டார்கள். பால் யாருக்கு என்பதுதான் அன்றைய கவலை. நமக்கோ அது அந்த ஊரின் முழு மக்கள் பட்டியலாகிவிட்டது. நான்காவது சீட்டு ஹௌலண்டுக்கு விழுந்தது. அதில் மனைவி எலிசபெத், மகன் ஜான், மகள் டிசையர் மூவரும் இருக்கிறார்கள். ஆக 1627 மேக்குள் இரண்டு பிள்ளைகள் பிறந்தாயிற்று. அதே சீட்டில் ஜான் ஆல்டனும் அவர் மனைவி பிரிஸில்லாவும் பிள்ளைகளும் சேர்ந்திருந்தார்கள். இந்தப் பதின்மூன்று பேருக்கும் கிடைத்தவற்றில் ஜேக்கப் என்ற கப்பலில் வந்த ஒரு கிடாரி உண்டு. அதன் பெயர் ராக்ஹார்ன். வேலைக்காரப் பெண்ணுக்கு இல்லாத பெயர் மாட்டுக்கு இருக்கிறது.

தேதியை அவர்கள் எழுதியபடி எழுதி, நம் கணக்கையும் பக்கத்தில் போடுங்கள். இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752 வரை சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25இல். அதனால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதி எல்லாம் பழைய வருடத்தின் வாலில் கிடக்கும். ஹௌலண்ட் இறந்தது 1672/73 பிப்ரவரி 23. அவர்கள் கணக்கில் 1672, நமக்கு 1673. சின்ன விஷயம்தானே என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மூத்த மகள் டிசையரின் கணவர் ஜான் கோரம் சாட்சி. அவர் 1675 டிசம்பரில் நராகன்செட் மக்களின் சதுப்புநிலக் கோட்டையைத் தாக்கிய படையில் தளபதி. அந்தப் போருக்குப் பின் காய்ச்சலில் இறந்தார். இறந்தது 1675 பிப்ரவரி என்று பழைய ஏட்டில் இருப்பதை அப்படியே பெயர்த்து எழுதினால், செத்துப் பத்து மாதம் கழித்துச் சண்டைக்குப் போனவராகிவிடுவார். அவசரத்தில் இரண்டு முறை திருத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் 1673 பிப்ரவரி 1674 ஆகிவிடும். ஒரே தடவை திருத்துங்கள், திருத்தியதைச் சொல்லுங்கள்.

உயிலை நிதானமாக வாசியுங்கள். எலிசபெத் தன் கடைசிக் காலத்தில் ஸ்வான்ஸீ என்ற ஊரில் மகள் லிடியாவின் வீட்டில் இருந்தார். 1686 டிசம்பரில் உயில் எழுதினார், 1687 டிசம்பரில் இறந்தார். நல்ல இறகு மெத்தை, பச்சைப் போர்வை, சின்ன பைபிள், மதகுரு ஜான் ராபின்சனின் கட்டுரை நூல், மெல்லிய படுக்கை விரிப்பு எல்லாம் லிடியாவுக்கு. மகன் ஜோசப்புக்கு நிறுக்கும் தூக்குக்கோல். யார் வீட்டில் இருந்தாரோ அவருக்கு மெத்தை போகும் வழக்கம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. இந்த ஒரு பத்தியிலிருந்து கிடைப்பவற்றைப் பாருங்கள்: பதின்மூன்று வயதில் அநாதையான பெண் எண்பது வயதில் புத்தகம் வைத்திருந்தார், மகள்களின் கல்யாணத்துக்குப் பிந்திய பெயர்கள் தாயின் உயிலில் நிற்கின்றன. பெண் வழி வாரிசைத் தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது. 17ஆம் நூற்றாண்டில் பெண் கல்யாணமானதும் ஏட்டில் பாதி மறைந்துவிடுவாள். உயில்தான் அவளைத் திருப்பித் தரும்.

மண்ணையும் கேளுங்கள். ஹௌலண்டுகள் பின்னால் குடியிருந்த ராக்கி நூக் மனையைத் தொல்லியலாளர் ஜேம்ஸ் டீட்ஸ் உட்படப் பலர் தோண்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து மனைகளில் மிகுதியாகக் கிடைப்பது உடைந்த களிமண் புகைக்குழாய். அதன் காம்பிலுள்ள துளை காலம் செல்லச் செல்லச் சிறுத்தது. 1620-1650 அளவில் 64இல் 8 பங்கு அங்குலம், 1750க்குப் பின் 64இல் 4 பங்கு. கைநிறையத் துண்டுகள் இருந்தால் அந்த வீட்டில் ஆட்கள் இருந்த காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். குடும்பத்தார் சொல்லும் வருடத்தோடு அது ஒத்துப்போகாவிட்டால், சந்தேகம் முதலில் குடும்பத்தார் மேல் வரட்டும்.

நிலம் யாருடையது என்று ஒவ்வொரு தலைமுறையிலும் எழுதுங்கள். இந்த ஒன்றைத்தான் பழைய வம்சாவளி நூல்கள் சொல்லாமல் விட்டன. பிளிமத் வெற்றுக் காடு அல்ல. அது வாம்பனோக் என்ற பூர்வகுடி மக்களின் பட்டுக்செட் ஊர். 1616 முதல் 1619 வரை கொள்ளைநோய் அந்தக் கரையோரத்தை வாரிக்கொண்டு போயிற்று. உழுது வைத்த வயல்களும் எலும்புகளும் கிடந்த இடத்தில்தான் புதியவர்கள் வீடு கட்டினார்கள். அவர்களுக்குச் சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்த டிஸ்குவாண்டம், ஊரார் எல்லாரும் போனபின் மிஞ்சிய பட்டுக்செட்டான்.

அடுத்த தலைமுறைக்கு வாருங்கள். 1675இல் வாம்பனோக் தலைவர் மெட்டகோம் தொடங்கிய போரின் முதல் அடி விழுந்தது ஸ்வான்ஸீயில், லிடியாவின் ஊரில். போரைத் தடுக்க மெட்டகோமிடம் தூது போனவர்களில் லிடியாவின் கணவர் ஜேம்ஸ் பிரவுன் ஒருவர். கோரம் அந்தப் போரில் போனார். ஹௌலண்டின் தம்பி மகன் ஸோயத் 1676இல் கொல்லப்பட்டார். மகன் ஜேபஸ், பெஞ்சமின் சர்ச் என்ற தளபதியின் கீழ் போரிட்டார். மெட்டகோமை 1676 ஆகஸ்டில் கொன்றது சர்ச்சின் படை. வெட்டிய தலையைப் பிளிமத்தில் கம்பத்தில் செருகி வைத்தார்கள், ஆண்டுக்கணக்காக அது அங்கேயே இருந்தது. அவருடைய சிறு மகனை அடிமையாக விற்றார்கள். 1680இல் ஜேபஸ் பிளிமத் வீட்டை விற்றுவிட்டு பிரிஸ்டல் என்ற புது ஊருக்குக் குடிபோனார். பிரிஸ்டல் எழுந்த மண், மெட்டகோம் இருந்து ஆண்ட மவுண்ட் ஹோப் நிலம்.

‘ஜேபஸ் பிரிஸ்டலுக்குக் குடிபெயர்ந்தார்’ என்ற ஒரு வரியோடு இதைத் தாண்டிப் போவது பொய் அல்ல. ஆனால் வரலாறும் அல்ல. பிளிமத்தில் ஜேபஸின் வீடு இன்றும் நிற்கிறது, பார்க்கப் போகலாம். பெற்றோர் குளிர்காலங்களில் அங்கே தங்கினார்கள் என்பது குடும்பத்தார் நம்பிக்கை.

உங்களிலிருந்து பின்னோக்கிப் போங்கள். மேஃபிளவரிலிருந்து கீழே இறங்கி வந்தால் விரும்பிய கிளையில் கால் வைத்துவிடுவோம். ஒன்று நினைவிருக்கட்டும்: 1790 முதல் 1840 வரை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் வீட்டுத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு, மற்றவர் வெறும் எண்ணிக்கை. 1850இல்தான் சுதந்திர மனிதர் ஒவ்வொருவரின் பெயரும் வருகிறது. அடிமைகளுக்கு அப்போதும் தனிப் பட்டியல், பெரும்பாலும் பெயரில்லாமல்.

செய்யக்கூடாதவை

கல்லில் இருக்கிறது என்பதற்காக நம்பாதீர்கள். ஹௌலண்ட் மணந்தது கார்வரின் மகளை என்று குடும்பத்தில் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். வேலையாள் முதலாளி மகளைக் கட்டினான் என்பது கேட்கச் சுகமான கதை. 19ஆம் நூற்றாண்டில் சந்ததியார் பிளிமத் மயானக் குன்றில் நட்ட கல்லிலும் அப்படியே வெட்டினார்கள். கல் நட்டது ஹௌலண்ட் இறந்து நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு என்பதை யாரும் யோசிக்கவில்லை. இதற்கிடையே பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் பிரதி, பாஸ்டனில் ஒரு தேவாலயக் கோபுர நூலகத்தில் இருந்தது, அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் காணாமல் போயிருந்தது. 1855இல் அது லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹாம் மாளிகை நூலகத்தில் அகப்பட்டது. அடுத்த வருடம் அச்சேறியது, 1897இல் மாசசூசெட்ஸுக்கே திரும்பி வந்தது. அதன் கடைசியில் கப்பலில் வந்தவர்கள் யார், முப்பது வருடம் கழித்து அவர்கள் குடும்பம் எவ்வளவு பெருகியது என்று ஒரு பட்டியல். அதில் ஹௌலண்ட் மணந்தது ஜான் டிலியின் மகள் எலிசபெத்தை என்று தெளிவாக இருக்கிறது. பத்துப் பிள்ளைகள், ஐந்து பேரப்பிள்ளைகள், ஆகப் பதினைந்து என்று கூட்டல்கூடப் போட்டிருக்கிறார்.

இதைப் பார்த்தபிறகும் சிலருக்கு மனம் வரவில்லை. மகள் இல்லையென்றால் கார்வரின் பேத்தியாகவாவது இருக்கட்டும் என்று எலிசபெத்தின் தாயைக் கார்வர் மகளாக்கப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் ஹென்லோ ஊர் தேவாலயப் பதிவேடு அந்த வாசலையும் மூடியது. தாய் ஜோன் ஹர்ஸ்ட் என்ற விதவை, டிலி அவருக்கு இரண்டாம் கணவர். எலிசபெத்துக்கு 1607 ஆகஸ்டில் அதே ஊரில் ஞானஸ்நானம். இப்போது குன்றில் நிற்கும் கல்லில் டிலி மகள் என்றே இருக்கிறது.

‘வேலையாள்’ என்ற சொல்லுக்குப் பாலிஷ் போடாதீர்கள். ஹௌலண்டைக் கார்வரின் ‘செயலாளர்’ ஆக்கிய புத்தகங்கள் உண்டு. பிராட்ஃபோர்ட் எழுதியது வேலையாள் என்றுதான். கப்பலில் கையெழுத்தான உடன்படிக்கையில் 41 பேரில் அவர் பதின்மூன்றாவது என்பதும், பின்னால் குடியேற்றத்தின் 1,800 பவுண்டு கடனைத் தலையில் ஏற்றுக்கொண்ட சிலரில் ஒருவர் என்பதும் வேலையாளாக வந்தவர் என்று எழுதினால்தான் எடுபடும்.

குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதால் கப்பல் ஒன்று என்று முடிவு கட்டாதீர்கள். ‘மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்கள், ஆளுக்கொரு திசையில் போனார்கள்’ என்ற கதையைக் கேட்டாலே அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர்கள் சிரிப்பார்கள். அத்தனை குடும்பங்களில் அத்தனை பொய்யாக அது சுற்றுகிறது. வேடிக்கை என்னவென்றால் ஹௌலண்ட் விஷயத்தில் அது உண்மை. ஜானின் சகோதரர்கள் ஆர்தரும் ஹென்றியும் பின்னால் வேறு கப்பலில் வந்தார்கள், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பக்கம் சாய்ந்தார்கள். நியூ பெட்ஃபோர்டில் திமிங்கில எண்ணெயில் பணம் பண்ணிய ஹௌலண்டுகள் ஹென்றி வழி. அந்த வீட்டுப் பெண்ணின் மகள்தான் வால் ஸ்ட்ரீட்டைக் கலக்கிய ஹெட்டி கிரீன். ஹௌலண்ட் என்ற பெயரை மட்டும் வைத்து மேஃபிளவர் வாரிசு என்று சொல்ல முடியாது.

உறவுச் சொற்களை நம் வீட்டுச் சொற்களாக வாசிக்காதீர்கள். சீனியர், ஜூனியர் என்றிருந்தால் அப்பா-மகன் என்று அர்த்தமில்லை. ஊரில் ஒரே பெயரில் மூத்தவர், இளையவர் என்பதற்கும் அப்படி எழுதினார்கள்.

கோர்ட்டுக் கணக்கை மறைக்காதீர்கள். 1634இல் கென்னபெக் ஆற்றங்கரையில் பிளிமத்தாரின் பீவர் தோல் வணிக நிலையம் ஹௌலண்ட் பொறுப்பில் இருந்தது. ‘எங்கள் எல்லைக்கு மேலே போகக் கூடாது’ என்று பிளிமத்தார் சொல்லியும் ஜான் ஹாக்கிங் என்ற வேற்றூர் வணிகர் கேட்கவில்லை. அவர் படகின் நங்கூரக் கயிற்றை வெட்டச் சொன்னார் ஹௌலண்ட். வெட்டப் போனவனை ஹாக்கிங் சுட்டார், அவனுடைய கூட்டாளி ஹாக்கிங்கைச் சுட்டான். இரண்டு பிணம். அந்தச் சமயம் அங்கே இருந்த பாவத்துக்குப் பாஸ்டனில் சிறையிருந்தவர் அந்தக் கிடாரியில் பங்காளியான ஆல்டன். இன்னொன்று சிரிப்பான வழக்கு. ஆர்தரின் மகன் ஜூனியர் ஆர்தர், குவேக்கர்களை வெறுத்த ஆளுநர் தாமஸ் பிரென்ஸின் மகளைக் காதலித்தார். பெண்ணின் அப்பா சம்மதமில்லாமல் கல்யாணப் பேச்சு எடுத்த குற்றத்துக்கு 1660களில் இரண்டு முறை கோர்ட்டில் நிறுத்தினார்கள். கடைசியில் கல்யாணம் நடந்தது. பிளிமத் நீதிமன்றக் குறிப்பேடுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே 12 தொகுதிகளாக அச்சாகிவிட்டன. குடும்பப் புகழுரையில் கிடைக்காத மனிதர்கள் அவற்றில் கிடைப்பார்கள்.

ஏட்டில் காணாமல் போனவரைச் சாகடித்துவிடாதீர்கள். டிசையர் மின்டர் இங்கிலாந்துக்கே திரும்பினார். டிலிகளோடு வந்த குழந்தை ஹியூமிலிட்டி கூப்பரும் திரும்பினாள். வந்தவர் எல்லாம் தங்கினார்கள் என்பது பின்னால் கட்டிய கதை. 1649இல் பாஸ்டனில் ஒரு குடியேறி வீட்டில் பிறந்த எலிஹு யேல் மூன்று வயதில் இங்கிலாந்து போனவர், அமெரிக்கா பக்கம் திரும்பவே இல்லை. எலிசபெத் ஹௌலண்ட் இறந்த 1687இல் அவர் நம் சென்னைக் கோட்டையில் ஆளுநராகப் பதவி ஏற்றார். பாஸ்டன் ஏடுகளில் மட்டும் அவரைத் தேடியிருந்தால் குழந்தையிலேயே போனான் என்று எழுதியிருப்போம்.

எச்சில் குப்பியை அனுப்பி டிஎன்ஏ சோதனை செய்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பன்னிரண்டு தலைமுறைக்கு மேலே போனால் மூதாதையர் இடங்கள் 4,096. அவர்களில் ஒருவருடைய மரபுப் பொருள் உங்களிடம் துளியும் இல்லாமல் போவது சகஜம். தந்தை வழிக் குரோமோசோம் ஹௌலண்டின் நான்கு மகன்கள் வழியே இடையறாமல் வந்த ஆண்களிடம்தான் இருக்கும், தாய் வழிக் கூறு எலிசபெத்தின் மகள்களின் மகள்கள் வழியேதான் வரும். ஜோசப்பின் மகள் வயிற்றுப் பேரனின் மகளுக்கு இரண்டும் கிடையாது. அவளும் வாரிசுதான், காகிதத்தில்.

சின்னம் வாங்காதீர்கள், காசு கொடுத்து மரமும் வாங்காதீர்கள். குலச் சின்னம் ஒரு ஆளுக்குக் கொடுத்தது, பெயருக்குக் கொடுத்ததல்ல. கடைகளில் சட்டம் போட்டு விற்பது அலங்காரம். மரம் விற்றவர்களில் பெரியவர் குஸ்தாவ் ஆன்ஷூ. 1942இல் இறந்த இவர், பணக்கார அமெரிக்கர்களுக்குப் பிரபு வம்சங்களை உற்பத்தி செய்து விற்றார். இல்லாத உயில்களையும் பதிவுகளையும் இருப்பவற்றோடு கலந்து எழுதுவது அவர் பாணி. அவர் செய்த வம்சாவளிகள் இன்னும் நூலக அலமாரிகளில் இருக்கின்றன, இணைய மரங்களில் பெயர் சொல்லாமல் ஏறியிருக்கின்றன. உங்கள் கைக்கு வரும் மரத்தில் ஆதாரம் எங்கே என்று கேளுங்கள். அடியில் ஆன்ஷூ பெயர் இருந்தால் அந்தத் தலைமுறைகளை வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.